மாடியக்கா கேட்ட மூச்சு

பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் டைவிங் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே, முதுகில் கட்டிக்கொள்ளும் உருளைகளில் காற்றடைக்கும் கம்ப்ரஸர், மேலே அவள். காலை எட்டு மணிக்கு அது ஓடத் தொடங்கினால் அவள் மேசை மேலிருக்கும் தண்ணீர் டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த அலையைத் தவிர வேறெந்த அலையோடும் அவளுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கடல் அவளை முழங்காலுக்கு மேல் நனைத்ததே இல்லை. நீச்சல் தெரியாது, கற்றுக்கொள்கிற உத்தேசமும் இல்லை. யாராவது வற்புறுத்தினால் "எனக்கு மாடியே போதும்" என்பாள். அப்படித்தான் மாடியக்கா என்ற பெயர் வந்தது. அவளைவிடப் பத்து வயது மூத்த கடை முதலாளியே அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் கரைக்கு எதிரே கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறையை அவளைப் போலப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் உருளையோடு இறங்குகிறவருக்கு ஒரு தடவைக்கு மிஞ்சிப்போனால் ஐம்பது நிமிஷம். இவள் இருபத்திரண்டு வருஷமாக, நாளுக்கு எட்டு மணி நேரம், திரையில் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உதடு கிழிந்த களவா மீன் எந்த இடுக்கில் குடியிருக்கிறது, கோமாளி மீன் ஜோடி எந்த வருஷம் வீடு மாறியது, எந்தப் பவளம் முதலில் வெளுத்தது, எல்லாம் அத்துப்படி. படகிலிருந்து இறங்கும் பயணிகள் தாங்கள் பார்த்த மீன் எதுவென்று ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை பிடித்தால், முதலாளி மாடியைப் பார்த்துக் கையைக் காட்டிவிடுவார். அவள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பெரிய கல்லுக்குப் பின்பக்கம்தானே? வால்ல மஞ்சள் இருக்குமே. அது தனியாத்தான் சுத்தும், ஜோடி கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஈரம் சொட்ட நிற்கிற பயணிகளின் சண்டை அதோடு தீர்ந்துவிடும்.

படம் எடுப்பவர் அவள் கணவர். ஊருக்கு அவர் கேமராக்காரர்.

அவர்கள் கதையை முதலிலிருந்து சொல்வதென்றால் அதில் கடலே வராது. பத்தொன்பது வயதில் அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தாள். அவர் கேசட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவார். எதைப் போட்டுப் பார்த்தாலும் மணமக்கள் பத்து நிமிஷம், விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்கள் ஒரு மணி நேரம்.

"இவர் யாரு? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? எதுக்கு இவ்வளவு நேரம் எடுத்திருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"யாருன்னு தெரியாது. ஆனா எப்படி மெல்றாரு பாருங்க" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது, இரண்டு வருஷத்தில் அவர்களுடைய கல்யாணத்திலேயே வந்து நின்றது. அதை வேறு யாரோ எடுத்தார்கள், சுமாராகத்தான் இருக்கும்.

பிறகொரு சமயம் டைவிங் கடையில் பயணிகளைப் படம் எடுக்க ஆள் கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கேமராவோடு முதல் தடவை இறங்கினவர்தான், மனசை அங்கேயே போட்டுவிட்டு உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். பயணிகளை எடுக்கச் சொன்னால் கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்பதை இருபது நிமிஷம் எடுத்து வருவார். மெல்லுகிற ஆட்களிலிருந்து மெல்லுகிற மீனுக்கு மாறினார், அவ்வளவுதான் வித்தியாசம். முதலாளி முதலில் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அந்தப் படங்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கடைக்கு வர ஆரம்பித்ததும் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

கடலுக்கடியில் எடுக்கிற படம் அப்படியே பார்க்கிற மாதிரி இருக்காது. ஆழம் போகப் போக சிவப்பு காணாமல் போய்விடும். எல்லாமே நீலம் பாரித்துச் சீக்காளி மாதிரி வரும். அந்தச் சிவப்பைத் திருப்பிக் கொடுப்பவள் அவள். தண்ணீரில் மிதக்கிற தூசியை, கை நடுங்கின இடத்தை, குறுக்கே நுழைந்த யாரோ ஒருவர் காலை எல்லாம் வெட்டி எடுப்பவளும் அவள். ஆனால் அதற்கெல்லாம் முந்தின வேலை ஒன்று உண்டு. சத்தத்தைத் தூக்கிப் போடுவது. கேமராப் பெட்டிக்குள் வேறென்ன சத்தம் விழும்? எடுப்பவர் வாய்க்குழாய் வழியே மூச்சு இழுக்கிற சத்தம், விடும்போது குமிழி போகிற சத்தம், திரும்ப இழுக்கிற சத்தம். போட்டுக் கேட்டாலும் கீழே கம்ப்ரஸர் ஓடும்போது காதில் விழாது. ஆகவே படம் வந்ததும் முதல் காரியமாகச் சத்தத்தை அணைத்துவிட்டு, கடைசியில் ஏதாவது இசையைச் சேர்ப்பாள். இத்தனை வருஷத்தில் அவர் மூச்சில் ஒன்றைக்கூட அவள் உட்கார்ந்து கேட்டதில்லை.

இந்த வருஷம் அவருக்கு ஐம்பத்தாறு. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பயணம் இப்போதுதான் கூடி வந்தது. ஒரு பெரிய படகு, நாற்பது நாள், நிலமே கண்ணில் படாத வெளிப்பாறைகள். வருஷத்தில் சில நாள் அந்தப் பவளங்களெல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே சமயத்தில் முட்டை விடுமாம். அதைப் படம் எடுக்க ஒருவர் வேண்டும் என்று தேடி இவரிடம் வந்தார்கள். செய்தி வந்த அன்றைக்கு மனுஷன் சாப்பிடவே இல்லை, கிச்சனுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கூட இறங்குவதற்கு அவள் தம்பி. பன்னிரண்டு வருஷமாக அவன்தான் அவருக்குத் தண்ணீருக்குள் துணை. வேறு யாரோடும் அவர் இறங்க மாட்டார்.

போவதற்கு முன் ஒரு படிவம் உண்டு. வருஷா வருஷம் வருவதுதான். நெஞ்சு வலிக்கிறதா, மயக்கம் வருகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று முப்பத்திச் சொச்சம் கேள்விகள். ஒன்றுக்கு ஆமாம் என்று போட்டாலும் டாக்டரிடம் போகவேண்டும். எல்லாம் இல்லை என்றால் கையெழுத்தோடு கடையிலேயே வாங்கிக்கொள்வார்கள். கேமராக்காரருக்கும் காகிதத்துக்கும் ஏழாம் பொருத்தம், நிரப்புவது அவள்தான். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தா நிரப்புவாள்? "இல்லை" என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழ்வரை ஸ்கேல் வைத்து ஒரே கோடு. இந்த வருஷமும் அப்படித்தான் கிழித்தாள், அவர் கையெழுத்துப் போட்டார், முதலாளி வாங்கி ஃபைலில் வைத்தார்.

கிளம்புவதற்கு ஆறு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, புது விளக்குகளைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்துப் பாறையில் இறங்கினார்கள். மறுநாள் தம்பி மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்ச மாதமாகவே கார்டு தம்பி கையில்தான் வருகிறது. பத்தொன்பது படி ஏறிவர அவருக்கு நேரமில்லையாம். "மாமா ஒரு கணவாய் மீனை எடுத்திருக்காராம்க்கா. முட்டை வைக்கிறதை முழுசா எடுத்தேன்னு சொல்றாரு" என்று தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

அவள் போட்டுப் பார்த்தாள். கணவாயும் இல்லை, முட்டையும் இல்லை. மணல் வந்தது. துடுப்புக் கால் வந்தது. அவருடைய முழங்கால் வந்தது. பாறை தலைகீழாக வந்து போனது. சரியாக ஒரு மீன் கண்ணில் படுகிற நேரத்தில் படம் அறுந்து, திரும்பவும் மணல் வந்தது.

நடந்தது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற கூத்துதான். கேமராவில் ஒரே பொத்தான். அமுக்கினால் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். முதல் அமுக்கு சரியாக விழாமல் போய்விட்டால் தீர்ந்தது கதை. அதற்கப்புறம் எடுக்கவேண்டியபோதெல்லாம் நிறுத்திவிட்டு, நிறுத்தவேண்டியபோதெல்லாம் ஓட விடுவார்கள். ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தாலே போதும். ஐம்பத்தாறு வயதுக் கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரிந்தால்தானே.

மணலைப் பார்த்து என்ன செய்வது? மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பாள். ஆனால் அன்றைக்கு கம்ப்ரஸரின் பெல்ட் அறுந்து, அதை மாற்றுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத படத்தில் சத்தம் மட்டும் கேட்டது.

கேட்டவள் முதலில் கேமராப் பெட்டிக்குள் ஏதோ பழுது என்று நினைத்தாள். அவ்வளவு வேகம். அப்புறம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு முப்பது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் பாரம் தூக்குகிறவன் போல ஒரு முனகல். இடையிடையே வாய்க்குழாய்க்குள்ளேயே இருமல். படத்தில் அவருடைய இடது கை, படகு கட்டுகிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீந்தவில்லை, எதையும் பார்க்கவில்லை. நான்கு நிமிஷம் இருபது விநாடி வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு தம்பியின் துடுப்புகள் பக்கத்தில் வந்தன. உடனே அந்தக் கை சங்கிலியை விட்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, எல்லாம் சரி என்று காட்டியது.

அவள் படத்தை நிறுத்தினாள்.

பீரோவைத் திறந்தாள். எடுத்த படம் எதையும் அவள் அழித்ததில்லை. வருஷவாரியாக அடுக்கி வைத்திருப்பாள், வெட்டாமல், சத்தத்தோடு. அன்று பகல் முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் நிமிஷத்துக்கு ஏழு. தூங்குகிற ஆள்கூட அவ்வளவு நிதானமாக மூச்சு விடமாட்டான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எட்டு. போன வருஷம் பதினாறு. இந்த வருஷத் தொடக்கத்தில் இருபது. ஒவ்வொரு தடவையும் இது அவள் கைக்கு வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அவளே அணைத்திருக்கிறாள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்ற கேள்வியின் மேலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தன்னைத் திட்டி அலுத்ததும் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் வந்ததும் ஹெட்ஃபோனை அவன் தலையில் மாட்டினாள். கால் நிமிஷம்கூட அவன் கேட்கவில்லை, கழற்றிவிட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. மேல வந்தப்புறம் படகுல கொஞ்ச நேரம் படுத்துக்குவாரு. கேட்டா, அக்காகிட்ட சொன்னே அவ்வளவுதான்னு சொல்லிட்டாரு. இந்தப் பயணம் மட்டும் முடியட்டும், அப்புறம் நானே டாக்டரைப் பார்க்கறேன்னு சத்தியம் பண்ணாரு."

"அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்?"

"படகுல ரெண்டு நாள்."

"ரெண்டு நாள்" என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "போ. இதைக் கேட்டேன்னு மூச்சு விடாதே."

எதிரில் நின்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏன் இப்படிக் களைத்துப்போகிறீர்கள் என்று போன மாதமே ஒருநாள் கேட்டாயிற்று. "வயசு என்ன குறைஞ்சுக்கிட்டா போகுது? உனக்கும்தான் முட்டி வலிக்குது" என்று சிரித்து மழுப்பிவிட்டார். ஆளைப் பேச்சில் பிடிக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடுவார். நேரே முதலாளியிடம் போய்ச் சொல்லலாம். முதலாளி அந்த நிமிஷமே படிவத்தைக் கிழித்துப் போடுவார், பயணம் நின்றுவிடும், ஆளும் பிழைப்பார். ஆனால் பெண்டாட்டி போட்டுக் கொடுத்ததால் நின்றது என்று இருக்கும். அந்த மனுஷன் கத்த மாட்டார், சண்டை போட மாட்டார், சாகும்வரை அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார். சொல்லாமல் இருந்தால் அவர் போய் இறங்குவார், எங்கேயாவது ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அங்கே சங்கிலியும் இருக்காது. இரண்டு நாள் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கடையின் பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல தண்ணீர்த் தொட்டியில் சாமான்களை அலசிக்கொண்டிருந்தார். மூட்டை கட்டுகிற உற்சாகம் முகத்தில் தெரிந்தது. கம்ப்ரஸர் சரியாகி, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"மாடியே கீழே வந்திருக்கு" என்றார் அவர். "கணவாய் எப்படி வந்திருக்கு?"

"அதை அப்புறம் சொல்றேன். எனக்கு ஒண்ணு புரியலை, நீங்க கேட்டுச் சொல்லணும். படம் இல்லை, சத்தம் மட்டும்தான். ஒரு ஆளோட மூச்சு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். மூச்சு என்றால் அவரிடம் கேட்பதுதான் முறை. நீச்சல் குளத்தில் புதுப் பயணிகளைப் பழக்கும்போது அவர் முகத்தையே பார்க்க மாட்டார். குமிழிச் சத்தத்தைக் கேட்டே, இவர் சமாளிப்பார், இவரைக் கூட்டிப் போகவேண்டாம் என்று பிரித்துவிடுவார். முதலாளி அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அவள் திரையைச் சாய்த்துக்கொண்டு ஓடவிட்டாள்.

பத்து விநாடியிலேயே அவர் நெற்றி சுருங்கியது. அரை நிமிஷத்தில் கையைத் தூக்கினார், தண்ணீருக்குள் ஆட்களை நிறுத்துகிற மாதிரி.

"யாரு இந்த ஆளு? இவனை எதுக்கு எறக்கினாங்க?" அவர் குரல் உரக்க வந்தது. காதில் மூச்சு ஓடும்போது தன் குரல் தெரியாது அல்லவா. "இவனை முதல்ல மேல ஏத்தணும். இது பழக்கமில்லாத மூச்சு இல்லை, உள்ளே ஏதோ கெட்டுப் போயிருக்கு. இருமல் வேற. கூடப் போனவனுக்குக் காது கேக்கலையா? கூடப் போனது யாரு?"

"என் தம்பி" என்றாள் அவள்.

கேட்டது அவருக்கு. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். தொட்டியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவார், சிரித்து மழுப்பிவிடுவார் என்று அவள் பயந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"எப்ப எடுத்தது?"

"செவ்வாய்க்கிழமை."

"கணவாய்?"

"கணவாய் விழலை. தலைகீழா அமுக்கிட்டீங்க. இதுதான் விழுந்திருக்கு."

அவர் தலையை ஆட்டினார். "திரும்பப் போடு" என்றார்.

அவள் முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பி, சங்கிலியைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தார். விரல்கள் வட்டமாகச் சேர்ந்து எல்லாம் சரி என்று காட்டுகிற இடம் வரைக்கும் பார்த்தார். என்ன வேண்டுமானாலும் திட்டட்டும், வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"ரொம்பப் பயந்திருக்கான் இந்த ஆளு" என்றார் அவர், தன் கையையே பார்த்துக்கொண்டு.

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அவளும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவள் துடைக்கவில்லை.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். எழுந்து, கம்ப்ரஸருக்கு அந்தப் பக்கம் உருளைகளை எண்ணிக்கொண்டிருந்த முதலாளியை நோக்கி நடந்தார். பத்து அடிதான் இருக்கும், நடுவில் ஒரு தடவை நின்று சுவரில் கை வைத்துக்கொண்டார். இத்தனை நாள் அப்படி நிற்கும்போதெல்லாம் ஏதோ யோசனை வந்தவர் மாதிரி நிற்பார். இன்று அவள் பார்க்கட்டும் என்றே நின்றார்.

முதலாளி நிமிர்ந்து, "என்ன அண்ணே?" என்றார்.

"எனக்கு மூச்சு முட்டுது" என்றார் கேமராக்காரர்.